எச்.ஐ.வி. மாத்திரையும் எடை, சர்க்கரை, கொழுப்பும்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு போன்ற தொந்தரவுகள் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அவற்றை யாரும் மறைப்பதும் இல்லை. எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, இரத்தக் கொழுப்பு மாறுவது ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. அவை வலிக்காது, பல மாதங்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தால்தான் தெரியும்.

கொங்குப் பகுதியில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களுக்குப் புதியவர்களோடு துணைக்குப் போகும்போது அடிக்கடி காண்பது ஒன்று. பலரும் கடைசிப் படியில் இருந்து தொடங்குகிறார்கள். வயிறு போட்டிருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது, அதனால் மாத்திரையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். முன்பு எவ்வளவு எடை இருந்தது என்று மருத்துவர் கேட்டால் பதில் இல்லை. இந்த வழிகாட்டி அந்த வரிசையை நேராக்குவதற்காக எழுதப்பட்டது. மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அங்கே நீங்களாக இறங்க வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம் (உங்கள் சிகிச்சைப் பதிவு), ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு தையல் டேப். திருப்பூரிலும் ஈரோட்டிலும் டேப்புக்குக் கடை தேடவே வேண்டாம். பாதி வீடுகளில் கிடக்கும். துணி டேப் பழசானால் நீண்டுவிடும் என்பதால் ஸ்கேலை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒரு பட்டியல் வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை தவிர நீங்கள் சாப்பிடும், பூசும், உறிஞ்சும், ஊசியாகப் போட்டுக்கொள்ளும் எல்லாம் அதில் வர வேண்டும். முட்டிவலிக்குப் போட்ட ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, நெஞ்செரிச்சல் டானிக், சத்து மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எதையும் விடாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஆறாவது படியில் தெரியும்.

நோட்டின் அட்டையில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. "எடை, சுகர் கணக்கு" என்று எழுதினால் போதும். வீட்டில் யார் கண்ணில் பட்டாலும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

2. உங்கள் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது

"வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒன்று" என்பது போதாது. டப்பாவின் லேபிளில் சிறிய எழுத்தில் மருந்துகளின் பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு குணம் இருப்பதால் எதைக் கவனிப்பது என்பது இந்தப் பெயர்களைப் பொறுத்தது.

இப்போது அரசு மையங்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது டி.எல்.டி. எனப்படும் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை: டெனோபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம்.

டோலுடெக்ராவிர் வைரஸை வேகமாக அடக்கும் மருந்து. அதனோடு எடை கூடுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் ஆய்வில், டோலுடெக்ராவிர் சாப்பிட்டவர்களுக்கு எடை அதிகம் கூடியது. பெண்களுக்கு இன்னும் அதிகம். அதோடு டெனோபோவிரின் புதிய வடிவமான டி.ஏ.எப். சேர்ந்தபோது மிக அதிகம். அரிதாகச் சிலருக்குத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ சர்க்கரை திடீரென்று மிக உயரமாக ஏறுவதும் உண்டு.

டி.எல்.டி.யில் இருக்கும், டெனோபோவிரின் பழைய வடிவமான டி.டி.எப்., கொழுப்பு விஷயத்தில் நல்ல பிள்ளை. சிறுநீரகத்திலும் எலும்பிலும்தான் அது கை வைக்கும். டி.ஏ.எப். அந்த இரண்டுக்கும் மென்மையானது, ஆனால் டி.டி.எப்.பில் இருந்து அதற்கு மாறும்போது கொழுப்பு அளவு சற்று ஏறுவது வழக்கம். லாமிவுடினால் இந்த வகைத் தொல்லை ஏறத்தாழ இல்லை.

முதல் மருந்து பலிக்காமல் இரண்டாம் நிலை மருந்தில் இருப்பவர்களின் டப்பாவில் ரிட்டோனாவிர் என்ற பெயர் இருக்கலாம், லோபினாவிரோடு அல்லது அட்டசனாவிரோடு அல்லது டாருனாவிரோடு சேர்ந்து. இவற்றில் லோபினாவிர்தான் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகம் ஏற்றுவது. அட்டசனாவிரால் கண் மஞ்சளாகலாம். பெரும்பாலும் கல்லீரல் கெட்டதால் வருவது அல்ல, ஆனாலும் மையத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ரிட்டோனாவிர் என்ற சொல் டப்பாவில் இருந்தால் அதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். மற்ற மருந்துகளோடு அதிகம் மோதுவது அதுதான்.

பல வருடங்களாக மருந்தில் இருப்பவர்கள் முன்பு சாப்பிட்டவற்றையும் நினைவுபடுத்தி எழுத வேண்டும். ஸ்டாவுடினும் சிடோவுடினும் கன்னம், கை, கால், பிட்டம் ஆகிய இடங்களில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைக் கரைத்தவை. ஒட்டிய கன்னத்தோடு இன்று டி.எல்.டி. சாப்பிடுபவருக்கு அந்தக் கன்னம் பழைய மருந்தின் தடம். அது தெரியாமல் இன்றைய மாத்திரையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

3. முதல் அளவு: எடை, இடுப்பு, இரத்த அழுத்தம்

மருந்து தொடங்கும் நாளிலேயே இந்த மூன்றையும் குறிப்பது நல்லது. அந்த நாள் கடந்துவிட்டால் இன்று குறியுங்கள். பச்சைப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் பழைய எடைகள் கிடைக்கும். அவற்றையும் தேதியோடு நோட்டில் ஏற்றுங்கள்.

எடை: ஒரே மெஷின், ஒரே நேரம். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் நிற்பது உத்தமம். பஸ் ஸ்டாண்டு மெஷினில் ஒரு மாதமும் மையத்து மெஷினில் ஒரு மாதமும் பார்த்தால் வரும் வித்தியாசம் மெஷினுடையதாக இருக்கலாம்.

இடுப்பு: தவறு அதிகம் நடப்பது இங்கேதான். வேட்டி கட்டும் இடத்திலும் பேண்ட் போடும் இடத்திலும் அளந்துவிட்டு, "எனக்கு முப்பத்திரண்டுதான்" என்கிறார்கள். தொப்பை உள்ளவர்களுக்கு வேட்டி முடிச்சு தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும்; பேண்ட் சைஸ் பத்து வருடமாக மாறாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். சரியான இடம் இதற்கு மேலே இருக்கிறது. விலாப்புறத்தில் விரலை அழுத்தி, கடைசி விலா எலும்பு முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும். துணியை விலக்கி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது படியுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

நம்மவர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அங்குலத்தில் சுமார் முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். ஐரோப்பியர்களுக்கான எல்லை இதைவிடத் தாராளமானது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால் நமக்கு எல்லை இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. எடைக்கும் அதே கதைதான். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண் 23ஐத் தாண்டினாலே கவனிக்கத் தொடங்க வேண்டும்; 25ஐத் தாண்டினால் உடல்பருமன்.

இரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள்.

மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்தால் போதும். தினமும் எடை பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கலங்குவதுதான் மிச்சம்.

4. இரத்தச் சோதனை: வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு

கேட்க வேண்டியவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்புப் பட்டியல் முழுவதும், கிரியேட்டினின், கல்லீரல் சோதனை, சிறுநீரில் புரதம். நம் ஊரில் "உப்பு பார்ப்பது" என்று சொல்வது இந்தக் கிரியேட்டினினைத்தான். இவற்றில் சில மையத்திலேயே எடுக்கப்படும். விட்டுப்போனவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. அதற்கான பரிசோதனையில் நீங்களும் சேரலாம். சர்க்கரை பார்க்க எச்.ஐ.வி. நிலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்து எழுதும்போது சொல்ல வேண்டியிருக்கும். அது வேறு படி.

இனி வெறும் வயிறு. சங்ககிரியில் லாரியை நிறுத்திவிட்டு விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவரிடம் கேட்டால், "ஏனுங்க, ஒன்றுமே சாப்பிடவில்லைங்க, டீ மட்டும்தான்" என்பார். அந்த டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையும் பாலும் இருக்கின்றன. சர்க்கரை எண் ஏறுவதற்கு அது போதும். அதைவிட மோசமானது, ட்ரைகிளிசரைடு கடைசிச் சாப்பாட்டைப் பொறுத்து மாறுகிற எண் என்பது. முந்தின இரவு ஹோட்டலில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, கூடவே டாஸ்மாக் சரக்கும் போயிருந்தால், அந்த ரிப்போர்ட் காட்டுவது அந்த ஓர் இரவைத்தான்.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் வழக்கமான சாப்பாடு. சோதனைக்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு மது வேண்டாம். காலையில் தண்ணீர் குடிக்கலாம். ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், ஷிப்டுக்கு நடுவில் குடித்த டீயையும் கணக்கில் சேருங்கள். அவர்களுக்கு வாரவிடுமுறைக்கு மறுநாள் காலைதான் தோதான நேரம். எச்.ஐ.வி. மாத்திரை நேரம் காலையில் இருந்தால் டி.எல்.டி.யைத் தண்ணீரோடு விழுங்கலாம், அதற்கு உணவு கட்டாயம் இல்லை. இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காக வேளையைத் தவறவிடாதீர்கள்.

காய்ச்சல், சளி, பல் பிடுங்கிய மறுநாள் போன்ற நேரங்களில் இந்தச் சோதனைகள் வேண்டாம். உடம்பு போராடும்போது சர்க்கரை தானாகவே ஏறும்.

எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சோதனை வசதியானதுதான், சாப்பிட்டுவிட்டும் எடுக்கலாம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், அபகாவிர், சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துகளைச் சாப்பிடுபவர்களிடம் குறிப்பாக. அதை மட்டும் எடுத்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியடைவதைவிட, நோயைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றுச் சர்க்கரையை நம்புவதே சரி.

5. ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

தடித்த எழுத்தில் இருப்பதையெல்லாம் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டு, எவ்வளவு அவசரம் என்று பிரியுங்கள்.

அன்றே மருத்துவரிடம் போக வேண்டியவை: சர்க்கரை 200க்கு மேல், கூடவே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை சட்டென்று இறங்குவது; ட்ரைகிளிசரைடு 500க்கு மேல் போய், மேல்வயிற்று வலியும் வாந்தியும் இருப்பது, அதாவது கணையம் வீங்கியிருக்கலாம் என்பதற்கான குறி; விடாத வாந்தி, வேகமான மூச்சு, கடும் சோர்வு. கடைசியில் சொன்னது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்வதன் அடையாளமாக இருக்கலாம். பழைய மருந்துகளோடு அதிகம் பார்க்கப்பட்டது, இப்போது அரிது. அரிது என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழைக்கலாம்.

மறுபடி சோதித்து உறுதிப்படுத்த வேண்டியவை: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு நாளும் அதே போல் வந்தால்தான் உறுதி. ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரின் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினை வாங்கிச் சாப்பிடுகிறவர்களையும் பார்த்தாகிவிட்டது. 100 முதல் 125 வரை இடைநிலை. இங்கே சாப்பாடும் உழைப்பும் வேலை செய்யும்.

நிதானமாகப் பேச வேண்டியவை: ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பது வயது, புகை, பிரஷர், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் வைத்து மருத்துவர் சொல்ல வேண்டியது.

கிரியேட்டினின் பற்றி ஒரு தனிக் குறிப்பு. டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் அது 0.1 முதல் 0.2 வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்றும் ஒரு வழியை மருந்து அடைப்பதால் வருவது அது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைவதில்லை. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ சிறுநீரில் புரதமோ சர்க்கரையோ தெரிந்தாலோ டெனோபோவிர் பக்கம் பார்க்க வேண்டும். முதுகுவலிக்கு டைக்ளோபினாக் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு தறியில் நிற்பவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் டெனோபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

6. காரணம் தேடும் வரிசை

எண் மாறியிருக்கிறது. காரணம் எச்.ஐ.வி. மாத்திரைதானா? அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். முதலில் மற்றவற்றைத் தள்ளிவிட்டு வர வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை மாற்றுவது சுலபம்.

முதல் கேள்வி: இது இழந்த எடை திரும்புவதா? காசநோயோ வயிற்றுப்போக்கோ வந்து பதினைந்து கிலோ இறங்கி, 42 கிலோவில் மருந்து தொடங்கியவர் 55க்கு வருவது குணமாவதன் அடையாளம். நோய் வருவதற்கு முன்பு இருந்த எடையைக் கேட்டு எழுதுங்கள். அந்த எடையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால்தான் பக்கவிளைவு என்ற பேச்சு. நிலைத்த எடையில் இருந்தவருக்கு ஒரு வருடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கூடினால், அதாவது 60 கிலோ ஆள் 63ஐத் தாண்டினால், நான் மருத்துவரிடம் சொல்லச் சொல்வேன்.

இரண்டாவது: ஸ்டீராய்டு. முதல் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் பொட்டலமாகத் தரும் மாத்திரைகளிலும், வலி உடனே பறந்துபோகிற சில பொடிகளிலும் ஸ்டீராய்டு இருப்பது உண்டு. முகம் உப்பி, வயிறு பெருத்து, சர்க்கரை ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ரிட்டோனாவிர் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. புளூட்டிகசோன் கலந்த மூக்கு ஸ்பிரேயும் இன்ஹேலரும், மூட்டுக்குள் போடும் டிரையாம்சினலோன் ஊசியும் சாதாரணமாக உடலில் சீக்கிரம் அழிந்துவிடும். ரிட்டோனாவிர் அந்த அழிவைத் தடுப்பதால் அவை இரத்தத்தில் குவிகின்றன. ஒரே ஓர் ஊசிக்குப் பிறகு வாரக்கணக்கில் தொல்லைப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

மூன்றாவது: மது. ட்ரைகிளிசரைடு மட்டும் தனியாக எகிறி நிற்கும் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் பலமுறை இருப்பது இதுதான். கேட்டால் "எப்போதாவது" என்பார்கள். வாரத்தில் எத்தனை நாள் என்று நோட்டில் நீங்களே குறியுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

நான்காவது: தைராய்டு, குடும்பத்தில் நீரிழிவு, கர்ப்பகாலத்தில் வந்துபோன சர்க்கரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், தூக்கமின்மை, வேலை மாறியது. தறியில் நின்றவர் செக்யூரிட்டி வேலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் எடை கூடுவதற்கு மாத்திரை தேவையில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் எச்.ஐ.வி. மாத்திரையின் பங்கு. பல நேரங்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

7. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மருந்தை இடையில் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் பக்கவிளைவு குறையுமா என்று பார்த்த ஸ்மார்ட் ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. நிறுத்தியவர்களிடம்தான் மரணமும் மாரடைப்பு போன்ற இதய நோய்களும் அதிகம். வைரஸ் தலைதூக்கும்போது வரும் அழற்சியே இரத்தக்குழாயைக் கெடுக்கிறது. அதோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி சேர்ந்து இருப்பவர்களுக்கு டெனோபோவிரும் லாமிவுடினும் அந்த நோய்க்கும் மருந்து. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கொதித்தெழும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மாத்திரை போன்ற சொந்தத் திட்டங்களும் நிறுத்துவதற்குச் சமமே. வைரஸ் எதிர்ப்புத்திறன் பெறுவதற்கு அவை வழிவிடும்.

மாற்றும் பேச்சு மருத்துவரோடு நடக்கட்டும். என்ன எதிர்பார்க்கலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தால் நல்லது. லோபினாவிரில் இருந்து வேறொன்றுக்கு மாறினால் கொழுப்பு எண்கள் இறங்குவது உண்டு. டோலுடெக்ராவிரை விட்டு மாறினால் கூடிய எடை அப்படியே இறங்கிவிடும் என்று நம்ப ஆதாரம் குறைவு, பலருக்கு இறங்குவதில்லை. டோலுடெக்ராவிர் தொடங்கியதும் சர்க்கரை மிக வேகமாக ஏறிய அரிதான சிலருக்கு மாற்றுவது பலன் தந்திருக்கிறது. கடைசியாக எடுத்த வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். அது இல்லாமல் எந்த மருத்துவரும் மாற்ற மாட்டார்.

8. தட்டில் மாற்ற வேண்டியது

யூடியூபில் பார்த்த டயட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் நடக்கும் சமையலுக்குள்தான் மாற்றம் நடக்க வேண்டும், அதுவும் தனிச் சமையல் கேட்டால் வீட்டார் "ஏன்" என்று கேட்கும் நிலையில் இருப்பவர்களுக்கு.

அரிசியும் பருப்பும் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்கும் குறைவாகப் பருப்பு போடுவது பல வீடுகளின் வழக்கம். பருப்பை அரை டம்ளருக்கு ஏற்றி அரிசியை அதே அளவு குறைத்தால் ருசி கெடாது. மேலே ஊற்றும் நெய்யையும் தொட்டுக்கொள்ளும் அப்பளத்தையும் குறைத்து, ஒரு கிண்ணம் பொரியல் சேர்த்தால் வேலை முடிந்தது. சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் என்பதை மாற்றிக் குழம்போடு சாப்பிடலாம்.

நாட்டுச் சர்க்கரை பற்றிச் சொல்லியாக வேண்டும். கவுந்தப்பாடி சர்க்கரையோ கரும்பு வெல்லமோ பனங்கருப்பட்டியோ, இரத்தத்துக்குள் போன பிறகு சர்க்கரைதான். "வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன், நாட்டுச் சர்க்கரை மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்கிறவரின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு இதுவே பதில். ராகிக் களியும் கம்பங்கூழும் நல்லவை, ஆனால் உருண்டையின் அளவைப் பொறுத்து. இரண்டு பெரிய களி உருண்டை இரண்டு தட்டு சோற்றுக்கு நிகர்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் புரதமும் நாரும் தரும் அருமையான உணவு. ரத்தக் கொழுப்பைக் கரைத்து மாத்திரையை வேண்டாததாக்கும் என்று எண்ணி, கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நாமக்கல் பக்கத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை; நாளுக்கு ஒன்று பெரும்பாலோருக்குத் தடையில்லை. கறி சமைக்கும்போது பள்ளிபாளையம் சிக்கனில் மிதக்கும் எண்ணெயை வடித்துவிடுங்கள், துண்டுகளைக் குறைக்க வேண்டியதில்லை.

பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டைவிடப் பிரச்சினை இடைவேளையில். காலை டீ, வடை. மாலை டீ, தேங்காய் பன் அல்லது பப்ஸ். டீயில் சர்க்கரையை நிறுத்துவதும், பன்னுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ எடுத்துப் போவதும், எனக்குத் தெரிந்து வேறு எதையும்விட நீடித்து நிற்கும் மாற்றம்.

உழைப்பு: வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. நாள் முழுக்க நிற்பது நடைக்கு ஈடாகாது. தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்களைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் கைவைக்காமல் உட்கார்ந்து எழுவது போன்றவை தசைக்குப் போதும். லாரி ஓட்டுநர்கள் டோல்கேட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நடப்பதை நாளுக்கு மூன்று முறை செய்தால் கணக்கு சரியாகிவிடும். புகையை விடுவது இதயத்துக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

9. சர்க்கரை, கொழுப்பு மருந்து சேர்க்கும்போது

இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். தனியார் கிளினிக்கில் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதால்தான் தவறான மருந்து சேர்கிறது. வாயால் சொல்ல முடியாவிட்டால், "டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறேன்" அல்லது "ரிட்டோனாவிர் சாப்பிடுகிறேன்" என்று எழுதிய தாளை நீட்டுங்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்கள் நிலையை உங்கள் சம்மதமின்றி அவர் பிறருக்குச் சொல்லக் கூடாது. அதைக் காட்டிச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. அதுவும் தயக்கமாக இருந்தால், எழுதிய சீட்டை வாங்கி வந்து, மருந்து வாங்கும் முன் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டுங்கள். கட்டணமில்லாத 1097 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

மெட்பார்மின்: டோலுடெக்ராவிர் இதன் அளவை இரத்தத்தில் சுமார் 79 சதவீதம் உயர்த்துகிறது. அதனால் நாளுக்கு மொத்தம் 1000 மில்லிகிராமுக்குள் வைப்பது வழக்கம். ஏற்கெனவே 2000 சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் டி.எல்.டி. தொடங்கும்போது இரு தரப்பு மருத்துவருக்கும் தெரியாமல் போவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து, பழி எச்.ஐ.வி. மாத்திரை மேல் விழும்.

ஸ்டேட்டின்: ரிட்டோனாவிர் இருந்தால் சிம்வாஸ்டேட்டின், லோவாஸ்டேட்டின் இரண்டும் கூடவே கூடாது, தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். அட்டோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் குறைந்த அளவில், மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவது. டி.எல்.டி.யோடு இந்த மோதல் இல்லை. கொழுப்பு எண் பெரிதாக ஏறாதவர்களுக்கும் ஸ்டேட்டின் பயன்படலாம் என்று 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு காட்டியது: 40 முதல் 75 வயது வரையிலான எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பிடாவாஸ்டேட்டின் 4 மில்லிகிராம், பெரிய இதய நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் அடுத்த வருகையில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கால்சியம், இரும்பு, ஜெலுசில் போன்ற வயிற்று மருந்துகள்: இவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். வயிற்று மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரையைச் சாப்பிடுங்கள். கால்சியமும் இரும்பும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே விழுங்கலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரைக் காலை, இரவு என இரண்டு வேளையாக்க வேண்டியிருக்கும். அதை மையம்தான் எழுதித் தரும்.

10. அடுத்தடுத்த தேதிகள்

மருந்து தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை. தொடங்கிய அல்லது மாற்றிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொருமுறை. எல்லாம் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. இடைநிலைச் சர்க்கரை உள்ளவர்கள் இதை எவ்வளவு நெருக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மாத்திரை மொத்தமாகக் கிடைப்பது பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதோடு எடை பார்க்கும் நாட்களும் குறைந்துவிடுகின்றன. வீட்டிலிருந்து வேறொருவர் போய் மாத்திரை மட்டும் வாங்கி வரும் வருகைகளில் எடைப் பத்தி காலியாகவே இருக்கும். அவர் கையில் உங்கள் நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். அதில் உள்ள எடையையும் பிரஷரையும் மையத்தில் காட்டிப் பதியச் சொல்லலாம்.

வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள் மையத்தில் மாற்றல் கடிதம் வாங்கும்போதே கடைசி இரண்டு சர்க்கரை, கொழுப்பு ரிப்போர்ட்டுகளையும் கிரியேட்டினின் எண்களையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய மையத்தில் இன்றைய எண்ணைத்தான் பார்ப்பார்கள். முன்பு எங்கே இருந்தது என்பதைக் காட்ட உங்கள் நோட்டைத் தவிர அங்கே வேறு எதுவும் இருக்காது.